உப்புவெளி வாசலில் ஒரு சினிமா வண்டி: மினியா, ஆமைக் காரா, ஓட்டோவா?

தங்கச்சியின் கணவர் திருகோணமலை உப்புவெளியில், அலஸ்தோட்டப் பக்கம், கடல் இரைவது கேட்கிற தூரத்தில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறார். அதன் வாசலில் நிறுத்த ஒரு வண்டி வாங்க வேண்டும் என்பது மச்சானின் நெடுநாள் ஆசை. ஏதோ ஒரு வண்டி போதாதாம். படத்திலோ டிவியிலோ வந்து மனத்தில் நின்றுபோன வண்டியாக இருக்க வேண்டும், வருகிறவர்கள் கண்டதும் ஃபோனைத் தூக்க வேண்டும். அதோடு முடியவில்லை. அதே வண்டி, கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து விடியற்புறம் இறங்குகிறவர்களை ஸ்டேசனில் இருந்து ஏற்றி வரவும் வேண்டும், கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். மச்சானுக்கு மிஸ்டர் பீனின் மினியில் கண். தங்கச்சிக்கு 53ஆம் இலக்கம் போட்ட வெள்ளை வொக்ஸ்வாகன் ஆமைக் கார். மருமகனுக்குக் காலம் தாண்டி ஓடும் டிலோரியன். மூன்று பேரும் தனித்தனியாக வந்து “நீங்களே சொல்லுங்கோ” என்றபடியால் எல்லா வண்டியையும் ஒரே முற்றத்தில் நிறுத்திப் பார்க்கிறேன்.

வண்டிக்கு முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கச்சான் காற்று. வெளிநாட்டார் வருவதும் அப்போதுதான். கச்சான் தரையில் இருந்து வீசுவதால் உடம்பை எரித்தாலும் இரும்பை அவ்வளவு தொடாது. ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால்தான் சங்கதி. கடலை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டுகிற காற்று அது. யன்னல் கம்பியும் கேற் பிணைச்சலும் ஒரு மாரிக்குள் கறள் கட்டி உதிர்வதை உப்புவெளியில் இருக்கிற எவரும் பார்த்திருப்பார்கள். அந்த மாதங்களில் விருந்தாளியும் குறைவு, வண்டி ஓட்டமும் குறைவு. ஓடாமல் ஈரத்தில் நிற்கிற வண்டிதான் ஓடுகிற வண்டியை விட வேகமாகச் சாகும்.

சிலதை உடனே தள்ளிவிடலாம். 1964இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் ஜேம்ஸ் பொண்ட் ஓட்டிய அஸ்டன் மார்ட்டின் டிபி5, விடுதியைக் காணியோடு விற்றாலும் கட்டுப்படியாகாது. 1966ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரின் பேட்மேன் கார், 1955இல் லிங்கன் கம்பனியின் கண்காட்சிக்காகச் செய்த ‘ஃபியூச்சுரா’ என்ற காரை வெட்டி ஒட்டிச் செய்தது. 2013இல் ஏலத்துக்கு வந்தபோது 40 இலட்சம் டொலருக்கு மேல் போனது. ‘த ஏ-டீம்’ தொடரின் கறுப்பும் சாம்பலுமான வானைப் போல ஒரு பழைய வானை மாற்றலாமே என்று மச்சானின் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கண்ணாடி கறுத்த வான் ஒன்று வாசலில் வந்து நின்றால் எங்கள் வயதுக்காரருக்குத் தொலைக்காட்சித் தொடர் ஞாபகம் வராது, வானில் ஆள் கடத்திய காலம்தான் வரும். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

டிலோரியனைச் சும்மா தள்ளினால் மருமகன் கோபிப்பான், காரணத்தோடு தள்ளுகிறேன். 1985இல் வந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்துக் கார். அதன் வெளி உடம்பு முழுக்கப் பெயின்ட் பூசாத எவர்சில்வர் தகடு. “மாமா, உப்புக் காற்றுக்கு இதைவிட எது?” என்று அவன் கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் தகட்டுக்கு அடியில் கிடக்கும் சட்டகம் சாதாரண இரும்பு. மேலே ஒரு பூச்சுத்தான் காவல். பூச்சு வெடித்த இடத்தால் ஈரம் உள்ளே போனால் வெளியே பளபளவென்று இருக்க உள்ளே அரித்துவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் வட அயர்லாந்தில் சுமார் 9,000 கார் மட்டும் செய்து கம்பனியே மூடிப்போனது, எல்லாம் இடப்பக்கம் ஸ்டியரிங். இன்னொன்று, படத்தில் அது காலம் தாண்ட மணிக்கு 88 மைல் தொட வேண்டும். கிலோமீற்றரில் ஏறத்தாழ 142. இலங்கையின் அதிவேக வீதியிலேயே 100தான் எல்லை, திருகோணமலைக்கோ அதிவேக வீதியே இல்லை. நிலாவெளி வீதியில் மாடு மறிக்கிற இடத்தில் எந்தக் காலத்துக்குப் போவது?

இனி மச்சானும் தங்கச்சியும் கேட்கிற உண்மையான போட்டி. அதற்குள் போகுமுன் ஒரு விஷயம், என் முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது. திரையில் நாம் காணும் ஒரு வண்டி ஒரு வண்டியே இல்லை. அமெரிக்காவில் 1979 முதல் 1985 வரை ஓடிய ‘த டியூக்ஸ் ஒஃப் ஹசார்ட்’ தொடரில் ஆரஞ்சு நிற டொட்ஜ் சார்ஜர் ஒன்று வாய்க்காலையும் பாலத்தையும் தாண்டிப் பாயும். அந்த ஒரு காருக்காக ஏறத்தாழ 300 கார்களைத் தீர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒன்று போய்விடும். மிஸ்டர் பீனின் மினியை ஒரு கதையில் இராணுவ டாங்கி ஏறி அப்பளமாக்கும், அடுத்த கதையில் பீன் அதே பச்சை மினியில் வந்து இறங்குவார். கமெராவுக்குப் பின்னால் ஒரு கராஜும் அச்சில் வார்த்த மாதிரி இரட்டைப் பிறவிகளும் காத்து நிற்கும். எங்கள் நாட்டில் எடுத்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தில் இதற்கு எதிர்மாறு. 1957இல் கித்துள்கலவில் உண்மையான ரயிலை உண்மையான பாலத்தோடு களனி கங்கைக்குள் விழுத்தினார்கள். விழுந்தால் விழுந்ததுதான், மாற்று ரயில் கிடையாது. மச்சானின் வண்டியும் அந்த வகை. ஒன்றே ஒன்று, அதுவும் தானே தாங்க வேண்டும்.

மினி வடிவு. அதை மறுக்க முடியாது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்தது. பத்தடி நீளம், பத்து அங்குலச் சில்லு, என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்து உள்ளே நாலு பேருக்கு இடம் எடுத்த மூளைக்கு இன்றைக்கும் கும்பிடு போடலாம். 1969இல் வந்த ‘த இத்தாலியன் ஜொப்’ படத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று மினி டூரின் நகரத்துப் படிக்கட்டால் இறங்கி ஓடும். ஆனால் எங்கள் வாசலுக்கு வருகிற சனத்துக்கு மினி என்றால் பீன்தான். 1990இல் தொடங்கிய அந்தத் தொடரில் பேச்சே இல்லாத மாதிரி. அதனால் கொழும்பில் இருந்து சனி ஞாயிறுக்கு வரும் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைக்கும், கிண்ணியாப் பிள்ளைக்கும், ஜெர்மன்காரப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வரும். மஞ்சள் கலந்த பச்சை உடம்பு, கறுப்பு பொனற், கதவில் தாழ்ப்பாளும் ஆமைப்பூட்டும். அந்தப் பூட்டு ஒன்றே போதும், ஆள் அடையாளம் கண்டுவிடும். ஆளைக் கவரும் திறனுக்கு மட்டும் புள்ளி என்றால் மச்சான் வென்றுவிட்டார்.

உப்புக்கு வருவோம். மினி கறள் பிடிக்கும் இடங்களை எழுதி மாளாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, தகடுகள் சேரும் விளிம்பு, பின்சில்லைத் தாங்கும் துணைச் சட்டகம். கடைசியாகச் சொன்னது போனால் கார் படுத்துவிடும். விற்கிறவர்கள் ஓட்டைக்கு மேலே பட்டி அப்பி, பெயின்ட் அடித்து, வெயிலில் நிறுத்தி மினுக்கிக் காட்டுவார்கள். ஃபிரிஜ் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கதவின் அடியோரத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இரும்பு உள்ள இடத்தில் கையைப் பிடித்து இழுக்கும், பட்டி உள்ள இடத்தில் வழுக்கி விழும். பிறகு காலடிப் பாயைத் தூக்கிக் கட்டைவிரலால் அமத்துங்கள். ‘கறுக்’ என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

மாரிக்கென்று தனியாக ஒரு நோயும் மினிக்கு உண்டு. என்ஜினைக் குறுக்கே வைத்ததால் தீப்பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிறிலுக்கு நேர் பின்னால் வந்து மாட்டிக்கொண்டது. முன்னால் போகிற பஸ் வாரி இறைக்கும் தண்ணி நேராக அதன் தலையில். கார் இருமி இருமி நின்றுவிடும். இங்கிலாந்திலேயே பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை எடுத்து, விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரலாலும் ஒரு வயரை வெளியே விட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாட்டிவிடுவார்கள். வேலை செய்யும். ஆனால் கார்த்திகை மாத மழையில், விடியற்புறம் ஸ்டேசனில், மட்டக்களப்பில் இருந்து வந்த வயதான தம்பதியை முன்னால் நிறுத்திவிட்டுப் பொனற்றைத் திறந்து கையுறை மாட்டுகிற மச்சானை நினைத்துப் பாருங்கள்.

நிறமும் ஒரு செலவு. பீனின் பச்சையில் மினி லேசில் கிடைக்காது, அடிக்கத்தான் வேண்டும். வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் இருப்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்ற வேண்டும். சிங்கள எழுத்து ஸ்ரீ போட்ட பழைய இலக்கத்தகட்டுக் கார் கையில் வந்தால் அந்தத் தகட்டையே படம் எடுக்க ஒரு கூட்டம் வரும் என்பது மச்சானின் கணக்கு. 1958இல் அந்த ஸ்ரீயை வைத்து இந்த நாட்டில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களும் விடுதிக்கு வருவார்கள், அவர்கள் படம் எடுப்பார்களோ தெரியாது.

தங்கச்சியின் ஆமைக் கார் இந்த விஷயத்தில் கெட்டித்தனமானது. ஹேர்பி 1968இல் ‘த லவ் பக்’ படத்தில் வந்த 1963ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன். தானாக ஓடும், கோபிக்கும், காதலிக்கும். 2005 வரை அதற்குத் தொடர்ச்சிப் படங்கள் வந்தன. அதனால் தாத்தாவுக்கும் தெரியும், பேரப்பிள்ளைக்கும் தெரியும், நடுவில் உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் மங்கல். வெள்ளையோ கிரீமோ உள்ள கார் கிடைத்தால் பெயின்ட் வேலையே இல்லை. சிவப்பு வெள்ளை நீலக் கோட்டையும் 53ஐயும் நகரத்தில் ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் ஒட்டுவித்தால் ஒரு பின்னேரத்தில் முடியும், வேண்டாம் என்றால் உரித்தும் விடலாம்.

பொறியிலும் அது மினியை விட எங்கள் ஊருக்குப் பொருந்தும். என்ஜின் பின்னால், காற்றால் குளிரும், ரேடியேற்றரே இல்லை. ஹபரணைக் காட்டு வழியில் வைகாசி வெயிலில் கொதித்து நிற்கிற வேலை கிடையாது. உலகத்தில் இரண்டு கோடிக்கு மேல் செய்து 2003இல் மெக்சிக்கோவில் கடைசிக் காரை இறக்கியவர்கள், அதனால் பாகமும் எங்கேயோ கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் பற்றரி பின்சீற்றுக்கு அடியில். அசிட் கசிந்து தரைத் தகட்டைத் தின்னும், மேலே இருக்கிறவருக்குத் தெரியாது. வாங்கப் போனால் முதலில் பின்சீற்றைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க விடமாட்டேன் என்றால் காரணம் அதற்குக் கீழே இருக்கிறது.

மினிக்கும் ஆமைக் காருக்கும் பொதுவான குறை ஒன்று. இரண்டுக்கும் இரண்டே கதவு. கனடாவில் இருந்து வருகிற பெரியம்மா சேலையோடு, முழங்கால் வலியோடு, முன்சீற்றை மடக்கிப் பின்னால் ஏறி இருக்க வேண்டும். ஏறினால் இறங்க வேண்டும். ஏசி இல்லை. அவர்களின் சூட்கேஸ் ஒன்று காருக்குள் போனால் பெரியம்மா வெளியே.

இரண்டு சில்லுக்காரரை விரைவாகப் பார்த்துவிடலாம். 1953இல் ‘ரோமன் ஹாலிடே’ படத்தில் ஓட்ரி ஹெப்பர்னும் கிரெகரி பெக்கும் ரோம் நகரைச் சுற்றிய வெஸ்பா, வாசலில் சாய்த்து வைக்க அழகு. ஆனால் சட்டகம் என்று தனியாக இல்லாமல் தகடே உடம்பு, கால் வைக்கிற பலகையில் கறள் விழுந்தால் உயிர்நாடியில் விழுந்த மாதிரி. 2007இல் வந்த ‘பொல்லாதவன்’ படத்துக் கறுப்புப் பல்சருக்கு எந்தச் சந்தியிலும் பாகம் உண்டு. அதே காரணத்தால் அதை வாசலில் நிறுத்தினால் யாரோ விருந்தாளி வந்து நிறுத்திய மோட்டார் சைக்கிள் என்றுதான் நினைப்பார்கள். அந்தப் படத்தில் பைக் களவு போவதுதான் கதையே என்பதையும் மச்சான் யோசிக்க வேண்டும்.

மொரிஸ் மைனரை யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அதுவும் இசிகோனிஸ் போட்ட கோடுதான், 1948இல். இலங்கையில் இன்னும் ஓடுகிறது. அதற்குப் பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய பட்டறை தென்னிலங்கையில் இருந்தது. இரும்பு கனம், நாலு கதவுள்ளதும் கிடைக்கும், பெரியம்மா ஏறுவார். சினிமாக் கண்ணால் பார்த்தால்தான் ஏழை. பிரித்தானியத் தொடர்களில் தலை காட்டியிருக்கிறதே தவிர, கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஒரு வேஷம் அதற்குக் கிடைக்கவில்லை. ஓடுகிற பழைய கார் மட்டும் வேண்டும் என்றிருந்தால் இந்தக் கட்டுரை இந்தப் பந்தியிலேயே முடிந்திருக்கும்.

இவ்வளவும் இங்கிலீசுப் படம். எங்கள் ஆட்கள் வந்து விழுந்து சிரிக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு வண்டி இருக்கிறது. 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில் கவுண்டமணி, செந்தில் கோஷ்டி தள்ளிக்கொண்டு திரிகிற, சொப்பன சுந்தரி முன்பு வைத்திருந்த கார். 2002இல் வந்த ‘சுந்தரா டிராவல்ஸ்’ படத்தில் முரளியும் வடிவேலுவும் எலியோடு மல்லுக்கட்டுகிற பஸ். இரண்டுக்கும் புகழே பழுதாகி நிற்பதால் வந்தது. உங்கள் வண்டி சந்தியில் நின்றுபோனாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள், படத்தில் வந்த மாதிரியே இருக்கிறது என்று இறங்கித் தள்ளுவார்கள். இந்தச் சலுகை அஸ்டன் மார்ட்டினுக்குக் கிடைக்காது.

என்ஜின் இல்லாத பழைய கார்க் கூடு ஒன்றை வாங்கி முற்றத்தில் போட்டு, ‘சொப்பன சுந்தரி’ என்று எழுதி, உள்ளே இருந்து தேத்தண்ணி குடிக்க வைத்தால் என்ன என்றும் யோசித்தோம். செலவு குறைவு, யாழ்ப்பாணத்துக் கூட்டம் வந்தால் படம் எடுத்துத் தள்ளும். ஆனால் மாரியில் கூட்டுக்குள் தண்ணி தேங்கும், தேங்கினால் நுளம்பு, நுளம்பென்றால் டெங்கு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து துண்டு எழுதிவிட்டுப் போவார். தரையில் துளை போட்டுத் தண்ணி வடியவிடலாம்தான். அப்படித் துளை போடுகிற நிலைக்கு வந்துவிட்டால் உப்புக் காற்று அந்த வேலையைச் சம்பளம் இல்லாமலே செய்து தரும். வெளிநாட்டாருக்கு இது வெறும் பழைய இரும்பு என்பதும் உண்மை.

திருகோணமலையில் இருந்துகொண்டு சில்லுள்ள வண்டியை மட்டும் பேசுவது சரியில்லை. 1962இல் வந்த ‘ரன்முத்து தூவ’தான் சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். அதன் கடலடிக் காட்சிகளை மைக் வில்சன் எடுத்தது எங்கள் கோணேசர் மலையடிக் கடலில். அவரோடு இதே கடலில் சுழியோடிக் கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர் ஆர்தர் சி. கிளார்க். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யின் விண்கப்பலை எழுதிய மனிதர் மூழ்கி எழும்பிய இடத்தில் நின்று நாங்கள் மினியா வொக்ஸ்வாகனா என்று அடிபடுகிறோம். போட் ஒன்று வாங்கினால்? 1975இல் வந்த ‘ஜோஸ்’ படத்தில் சுறாவைத் தேடிப் போகும் ‘ஓர்க்கா’ என்ற படகு உண்டு. அதற்கும் இரட்டைப் பிறவி இருந்தது. கடலில் மூழ்கடிப்பதற்கென்றே ஃபைபரில் இன்னொன்று செய்தார்கள். எங்கள் போட்டும் ஃபைபர், கறள் என்ற பேச்சே இல்லை. புறாத்தீவு முருகைக்கல்லுக்கு வரும் கருஞ்செட்டைச் சுறாக்களைப் பார்க்கக் கூட்டிப்போகும் போட்டில் ‘ஓர்க்கா’ என்று எழுதினால் தெரிந்தவர் வாய்விட்டுச் சிரிப்பார். ஸ்டேசனுக்கு மட்டும் போக முடியாது. அதனால் இதை மச்சானுக்கு அல்ல, நிலாவெளியில் போட் வைத்திருக்கிற அவருடைய சிநேகிதருக்குச் சொல்லிவிடுகிறேன்.

இனி ஓட்டோ. மச்சான் முகத்தைச் சுளிப்பார் என்று தெரியும். “ஊரெல்லாம் ஓடுகிற ஓட்டோவை வாசலில் நிறுத்தி யாருக்குக் காட்ட?” என்பார். ஊரெல்லாம் ஓடுவதால்தான் சொல்கிறேன்.

முதலில் சினிமாச் சான்றிதழ். 1983இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படம் ‘ஒக்டோபுசி’யில் உதய்பூர்த் தெருக்களில் ஓட்டோத் துரத்தல் ஒன்று வரும். ஓட்டுகிறவர் சென்னைக்காரரான டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். துரத்தி வருகிறவனை டென்னிஸ் மட்டையாலேயே அடிப்பார். வெளிநாட்டாருக்கு இது போதும், அஸ்டன் மார்ட்டின் வாங்க வசதியில்லாதவருக்குக் கிடைத்த பொண்ட் வண்டி. எங்கள் ஆட்களுக்கு விளக்கமே வேண்டாம். 1995 பொங்கலுக்கு வந்த ‘பாட்ஷா’. காக்கிச் சட்டை போட்டு ரஜினிகாந்த் ஓட்டோவில் சாய்ந்து நின்ற அன்றிலிருந்து அந்த வண்டிக்கு இருந்த மரியாதையே வேறு. அந்தப் பொங்கல் காலம் எங்களுக்குச் சண்டை நின்ற காலம். தை 8ஆம் திகதி நின்றது, சித்திரை 19ஆம் திகதி எங்கள் துறைமுகத்துக்குள்ளேயே இரண்டு கடற்படைக் கப்பல்கள் வெடித்து மூழ்கியதோடு மறுபடி தொடங்கியது. இடையில் கிடைத்த மூன்று மாதத்துச் சொச்சத்தில் கசெட் எடுத்து, டெக் வாடகைக்குப் பிடித்து, ஒரு வளவே கூடி இருந்து படம் பார்க்க முடிந்தது. அதைப் பார்த்த தலைமுறைதான் இன்று லண்டனில் இருந்தும் டொரொன்டோவில் இருந்தும் பிள்ளைகளோடு வந்து மச்சானின் விடுதியில் தங்குகிறது.

அடுத்தது உப்பு. ஓட்டோவும் இரும்புதான், அதுவும் கறள் பிடிக்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கறள் பிடித்த தகட்டைக் கழற்றிவிட்டு வேறு போட ஒரு நாள் போதும். அதன் நாலு ஸ்ட்ரோக் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிற பொடியன் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறான். கூரை துணி, கிழிந்தால் தைக்கலாம். மழைக்கு இருபுறமும் திரை இறக்கலாம். கதவே இல்லை, பெரியம்மா சேலையோடு நேராக ஏறி உட்காருவார், சூட்கேஸ் பின்னால் போகும். ஃபிரெட்றிக் கோட்டைக்குள் மான் கூட்டம் ரோட்டில் படுத்துக் கிடந்தால் ஓரத்தால் நெளிந்து போக இதைவிட வசதியான வண்டி இல்லை. ஹேர்பிக்கும் டொட்ஜ் சார்ஜருக்கும் கமெராவுக்குப் பின்னால் நின்ற இரட்டைப் பிறவிகள் எங்கள் ஊரில் ஓட்டோவுக்கு மட்டும்தான் நிற்கின்றன, ஒவ்வொரு தரிப்பிடத்திலும் வரிசையாக.

எதிர்ப்பக்கத்தையும் வைக்கிறேன். நீண்ட ஓட்டத்துக்கு முதுகு தாங்காது. சிகிரியாவுக்கு ஓட்டோவில் போகிறேன் என்கிற வெள்ளைக்காரர் திரும்பி வந்து இரண்டு நாள் கடலில் இறங்க மாட்டார். அவர்களே ஓட்ட ஆசைப்பட்டால் உள்ளூர் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதில் விளையாட்டு வேண்டாம். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் கொண்டுவந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர்தான். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கிற ஊரில் நாங்கள் வெயிலில் வரிசையில் நின்றோம். அப்படியொரு காலம் திரும்பினால் மினி மச்சானைப் பார்த்துச் சிரிக்கும். இதெல்லாம் இருந்தும் என் தராசு ஓட்டோப் பக்கம்தான்.

ஆனால் சொந்தமாக வாங்க வேண்டாம். மச்சான் ஓட்டோ வாங்கித் தானே ஆள் ஏற்றத் தொடங்கினால் சந்தித் தரிப்பிடத்தில் நிற்கிறவர்களோடு முகம் முறியும். விடுதி நடத்துகிறவருக்கு அது நல்லதில்லை, இரவு பதினொன்றுக்கு விருந்தாளிக்கு நெஞ்சு நோவு என்றால் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான். அங்கே ஒருவரோடு பேசி, அவருடைய ஓட்டோவையே வேஷம் கட்ட வைக்கலாம். நிறத்தைத் தொடத் தேவையில்லை. காக்கிச் சட்டை இரண்டு தைத்துக் கொடுத்து, முன் கண்ணாடியில் நல்ல எழுத்தில் ஒரு வரி எழுதி, பின்சீற்றில் பழைய டென்னிஸ் மட்டை ஒன்றைக் கட்டிவிட்டால் பாட்ஷாவும் பொண்டும் ஒரே வண்டியில். ஸ்டேசன் ஓட்டமும் கோயில் ஓட்டமும் அவருக்கே என்று பேசிவிட்டால் அவருக்கு நிரந்தர வருமானம், மச்சானுக்குக் கறள் கவலை இல்லை. மாரியில் விருந்தாளி இல்லாதபோதும் அந்த வண்டி ஊருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நான் முதலில் சொன்ன, நின்று சாகிற வியாதி அதற்கு வராது.

தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். ஓட்டோவில் 53 என்று ஒட்டலாமா என்று கேட்டாள். தாராளமாக ஒட்டலாம்.

மச்சான் இதற்கும் மசியாமல் மினிதான் என்று நின்றால், வாங்கட்டும். காந்தத்தையும் ரப்பர் கையுறையையும் நானே கொடுத்து அனுப்புகிறேன். ஆனால் அதை உப்புவெளி வாசலில் நிறுத்தக் கூடாது. உவர்மலையில் எங்கள் வீட்டில் கதவு போட்ட கராஜ் சும்மா கிடக்கிறது. அங்கே நிற்கட்டும், சனி ஞாயிறில் விடுதிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். வாடகை கேட்க மாட்டேன். சாவி மட்டும் என்னிடம் இருக்கும்.